தொட்டித் தண்ணியும் ஒரு தீர்க்கதரிசியும்

முதலில் கல்மாவுதான் வந்தது. வெள்ளையாக, புகை போல. போர் போடும் லாரி போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழவில்லை. தென்னை மட்டையில், கிளுவை வேலியில், என் தம்பி அருள்தாசின் புருவத்தில் எல்லாம் அந்த மாவு படிந்துவிட்டது. ஆளைப் பார்த்தால் அரிசி மில்லுக்குள் போய் வந்தவன் மாதிரி இருந்தான்.

லாரிக்காரன் வந்து தம்பியின் காதோரம் கத்தினான். "ஏனுங்க, வெறும் பாறையாவே போகுதுங்க. நிறுத்திக்கலாங்களா?"

தம்பி வேப்பமரத்தடியில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தான்.

அவர் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தார். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி ஹாலில் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். நடக்கப் போவதைக் கர்த்தர் அவருக்கு முன்னாடியே காட்டுகிறார் என்று பேர். தீர்க்கதரிசி என்பார்கள், நேரில் கூப்பிடும்போது 'பிரதர்'. அத்தனை மாவிலும் அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும் எப்படியோ அழுக்காகவில்லை. கண்ணை மூடிக்கொண்டே ஒரு கையைக் கீழே காட்டினார். இன்னும் இறக்கு என்று அர்த்தம்.

இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. மாவு ஈரமானது. சேறாக வந்தது. அப்புறம் குழாயைச் சுற்றிக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

தம்பி பொண்டாட்டி கிரேசி போட்ட அல்லேலூயாவில் கோழியெல்லாம் வேலி மேல் ஏறிக்கொண்டது. தம்பி அந்தச் சேற்றிலேயே முழங்கால் போட்டுவிட்டான். நானும் அழுதேன். தண்ணீரைப் பார்த்து அழாதவள் எங்கள் பக்கத்தில் பிறந்தவளாக இருக்க மாட்டாள்.

அந்த ஆள் பொய்த் தீர்க்கதரிசி. இதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை, பிறகு சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் தண்ணீர் வந்ததும் நிஜம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் ஜனங்களுக்கு விளங்குவதில்லை. அதனால் இந்த வாரப் பத்தியில் நிதானமாகவே சொல்கிறேன்.

உள்ளங்கையில் தேங்காய்

தம்பியின் தோட்டம் காங்கேயத்திலிருந்து டவுன் பஸ் போகிற ஒரு ஊரில் இருக்கிறது. எங்கள் அப்பா வாங்கிய பூமி. நான் கல்யாணமாகி, மில்லில் வேலை பார்த்து, இப்போது மகனோடு கோயமுத்தூரில் இருக்கிறேன். வெயில் காலம் வந்தால் தம்பி ஊட்டுக்குப் போய்விடுவேன். டவுனில் வெயிலுக்கு ஒரு வாசனையும் இல்லை. அங்கே காய்ந்த கொழுக்கட்டைப் புல் வாசம் இருக்கும். அந்த வருசம் மட்டும் போர் போடுவதற்கு முன்னாலேயே போய் அங்கேயே இருந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் போர் போடுவதற்கு முன்னால் இடம் பார்க்க ஆள் கூப்பிடுவார்கள். அவர் உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு பூராவும் நடப்பார். அடியில் நீரோட்டம் இருக்கிற இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும் என்பார்கள். நின்றும் இருக்கிறது. தண்ணீர் வந்தும் இருக்கிறது, வராமலும் இருக்கிறது.

எங்கள் அப்பா சபையில் சேர்ந்த பிறகு தேங்காய்க்காரரைத் தோட்டத்துக்குள் விட்டதில்லை. அது குறி பார்ப்பதில் சேர்த்தி, வேதத்தில் கூடாதென்று இருக்கிறது என்பார். தம்பியும் அப்படியே. மெஷின் வைத்துப் பார்த்த இடத்தில் போட்ட போர் தண்ணீரே இல்லாமல் வெறும் புகையாகப் போயிற்று. பழைய கிணறு தூர்ந்து, அதில் புறா குடியிருந்தது. தென்னை ஒவ்வொன்றாக மட்டை தொங்கிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் கிரேசி அந்தப் பிரதரைப் பற்றிச் சொன்னாள். செல்போனில் அவருடைய வீடியோ பார்ப்பாள். அவர் காரில் வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்டில் நடந்தார், ஒரு இடத்தில் நின்று கண்ணை மூடி, "கன்மலையைத் திறக்கிற தேவன் இங்கே திறக்கிறார்" என்றார். குச்சி நட்டார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக் கருப்பாத்தா வேலிக்கு அந்தப்புறம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயசுக்காரி. புருசன் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இவள் மாடுகளை விட்டு வரமாட்டேன் என்று தனியாக இருக்கிறாள்.

"ஏனம்மணி ஞானம்," என்று என்னைக் கூப்பிட்டாள். "எங்காளு தேங்காய வெச்சுக்கிட்டு நடந்தா அது குறி. உங்காளு கண்ண மூடிக்கிட்டு நடந்தா அது தரிசனமா?"

"உனக்கு வாய் மட்டும் வத்தாது போ" என்றேன். ஆனால் கேட்ட கேள்வி கேட்டதுதான். குறி பார்ப்பது பாவமென்று ஒருத்தரை வாசலில் நிறுத்திவிட்டு, அதே வேலையை வேறு பேர் சொல்லிச் செய்தவருக்கு நாங்கள் காப்பி கொடுத்தோம். எங்களைப் போன்ற வேதக்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது.

பாக்கியத்தின் கோழிகள்

தண்ணீர் வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பழைய கதை.

நான் மில்லுக்குப் போன காலத்தில் எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரு பிரசங்கியார் சைக்கிளில் வருவார். தொண்டை அத்தனை பெரிசு. அந்த வருசம் கிறிஸ்துமசுக்குள் கர்த்தர் வந்துவிடுவார் என்று அடித்துச் சொன்னார். என்னோடு நூல் சுற்றும் பக்கம் வேலை பார்த்த பாக்கியம் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தான் கர்த்தரோடு மேலே போய்விட்டால் கோழிகளுக்குத் தீனி போட யார் என்று, லைனில் இருந்த ஒவ்வொரு ஊட்டுக்கும் ஒவ்வொரு கோழியாகக் கொடுத்துப்போட்டாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. கேக் வந்தது. வேறு யாரும் வரவில்லை.

தை மாசம் பாக்கியம் கோழிகளைத் திரும்பக் கேட்டுப் போனாள். கடைசி ஊட்டுக்காரி கையை விரித்துவிட்டாள்.

"குழம்பு வெச்சுப்போட்டனே அக்கா."

"ஏன்டி, அதுக்குள்ளயா அறுத்தே?"

"நீதான போறேன்னு சொன்னே. வழியனுப்பற நாள்னு நெனச்சுத்தான் வெச்சேன்."

அந்தப் பிரசங்கியார் அதற்கப்புறம் எங்கள் லைன் பக்கம் சைக்கிளைத் திருப்பவில்லை. எங்களுக்கும் வேலை சுலபமாகப் போயிற்று. சொன்னது நடக்கவில்லை, ஆகையால் கர்த்தர் சொல்லவில்லை, முடிந்தது. அப்படிச் சோதித்துப் பார் என்று வேதத்திலேயே இருக்கிறது.

நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்ற எழுத்துத்தான். விரல் வைத்துத்தான் படிப்பேன். ஒரு அதிகாரம் முடிவதற்குள் காப்பி ஆறி ஆடை கட்டிவிடும். ஆனால் அப்படிப் படித்தது போகாது. வேகமாகப் படிக்கிறவர்களுக்குத்தான் எல்லாம் ஓடிப்போகும்.

கள்ளப் போதகரைப் பற்றி வேதத்தில் நிறைய இடத்தில் இருக்கிறது. ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு வருகிற ஓநாய் என்று கர்த்தரே சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் ஓநாய் இல்லை. பட்டியில் புகுந்து ஆட்டைக் கடிக்கிற நாய்கள்தான். நாய் நாயாகவே வரும், விரட்டிவிடலாம். தோல் போர்த்திக்கொண்டு வருவதை அப்படி விரட்ட முடியாது, தடவிக் கொடுத்து உள்ளே விடுவோம்.

கேட்க இனிப்பாகச் சொல்கிறவர்களைத் தேடித் தேடி ஜனங்கள் போவார்கள் என்று அப்போஸ்தலர் எழுதி வைத்திருக்கிறார். மரத்தை அதன் காயை வைத்துக் கண்டுபிடி என்றும் இருக்கிறது.

இன்னொன்று, மோசேயின் புத்தகத்தில் இருக்கிறது. அதை அதிகம் பேர் பிரசங்கம் பண்ணுவதில்லை. ஒருவன் ஒரு அடையாளம் சொல்லி, அது *நடந்தேவிட்டால்* என்ன செய்வது என்பது. நடந்தாலும், அவன் உன்னை ஆண்டவனின் வழியை விட்டுத் திருப்பப் பார்த்தால், அவன் பேச்சைக் கேட்காதே என்று அதில் இருக்கிறது. சின்ன வயசில் இதைப் படித்தபோது எனக்கு விளங்கவே இல்லை. நடந்தபிறகு அவன் எப்படிப் பொய்யன் ஆவான் என்று நினைத்தேன்.

கேட்டது காசு இல்லை

தண்ணீர் வந்த பிறகு தோட்டத்தின் பேரே மாறிவிட்டது. பிரதரின் ஆளுங்கள் வந்து போர் பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ் நட்டார்கள். 'அற்புத ஊற்று' என்று போட்டிருந்தது. சிலுவை ஒரு மூலையில் இருந்தது. மீதி இடமெல்லாம் பிரதரின் முகம். வீடியோவும் எடுத்துப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் ஊராக ஜனங்கள் பாட்டிலோடு வந்து அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஒன்றைச் சொல்லிப்போடுகிறேன். அவர் காசு கேட்கவில்லை. ஒற்றை ரூபாய் கேட்கவில்லை. தம்பி காணிக்கை என்று நீட்டியபோதும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். காசு கேட்டிருந்தால் நாங்கள் உசாராகியிருப்போம். எங்கள் பக்கத்து ஆளுகளுக்கு அந்த உசார் உண்டு. அவர் வேறொன்று கேட்டார். எதைச் செய்வதானாலும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யச் சொன்னார்.

தம்பியும் கேட்டான். தென்னங்கன்று வைக்க நாள் கேட்டான். டிராக்டரை விற்கலாமா என்று கேட்டான். கிரேசி மகளுக்கு மாப்பிள்ளை ஊட்டில் என்ன பேச வேண்டும் என்று கேட்டாள். அறுபது வயசு தாண்டிய என் தம்பி, ஊர்க்கூட்டத்தில் நியாயம் பேசின ஆள், செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப்பக்கம் 'சரி' என்று வரும்வரைக்கும் நின்றான்.

வேலியோரத்துத் தொட்டி

எங்கள் அப்பா காலத்திலேயே வேலியோரத்தில், வண்டித்தடத்தைப் பார்த்த மாதிரி ஒரு சிமிட்டித் தொட்டி உண்டு. கிணற்றில் தண்ணீர் இறைத்தால் முதலில் அந்தத் தொட்டி நிறைய வேண்டும், பிறகுதான் பாத்திக்குப் போகும். எங்கள் மாடு, கருப்பாத்தா ஊட்டு மாடு, வழியில் போகிற பட்டி ஆடு எல்லாம் அதில் குடிக்கும். இது யாரும் எழுதி வைத்த பழக்கம் இல்லை. அந்தப் பக்கத்தில் யாரிடம் தண்ணீர் இருந்தாலும் அப்படித்தான்.

கிணறு தூர்ந்தபோது தொட்டியும் காய்ந்தது. அந்த வருசங்களில் கருப்பாத்தா பட்ட பாடு கொஞ்சமல்ல. அவள் போரும் நின்றுவிட்டது. பஞ்சாயத்துக் குழாயில் குடம் குடமாகப் பிடித்துச் சுமந்து மாட்டைக் காப்பாற்றினாள். புதுப் போரில் மோட்டார் இறக்கிய அன்றைக்கே தம்பி தொட்டிக்கு ஒரு குழாய் போட்டு, ஒரு திருகு வால்வும் வைத்துவிட்டான். அதை யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவன் கை தானாகச் செய்தது.

தை மாசம் மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் பிரதர் ஜெபத்துக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துக் கருப்பாத்தாவின் மாடுகள் தொட்டியில் குடித்துக்கொண்டிருந்தன. கொம்பில் பெயிண்டு, நெற்றியில் திருநீறு குங்குமம், கழுத்தில் வாடின மாலை. சாம்பல் நிறத்து மயிலைப் பசு ஒன்று, சினையாக இருந்தது. அதற்கு மட்டும் மணியும் கட்டியிருந்தாள்.

பிரதர் வெகுநேரம் நின்று பார்த்தார். ஜெபத்தில் கண்ணை மூடியவர் குரலை மாற்றிக்கொண்டு பேசினார். கர்த்தர் கொடுத்த ஊற்றிலிருந்து விக்கிரகத்துக்குப் படைத்த மாடுகள் குடிக்கின்றன, அதை நிறுத்தாவிட்டால் ஊற்று வற்றிப்போகும், இதைக் கர்த்தர் சொல்லச் சொல்கிறார் என்றார்.

அன்றைக்கே தம்பி வால்வைத் திருகி மூடினான்.

வசனத்துக்கு வசனம்

மறுநாள் காலையில் மாடுகள் வந்து நின்றன. வெறும் தொட்டி. கருப்பாத்தா வேலியோரம் வந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க தம்பி, மோட்டாரு கீது ரிப்பேருங்களா?"

தம்பி தரையைப் பார்த்தான். "இல்லீங்கக்கா. ஜெபத்துல அப்படி வார்த்தை வந்துருக்குதுங்க. உங்க மாடு... பொட்டு வெச்ச மாடு..."

அவளுக்கு விளங்க ஒரு நிமிசம் ஆயிற்று. பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"பொட்டு வெச்சது நானுங்க. வேணும்னா அழிச்சுப்போடறேன். மாட்டுக்கு என்னங்க தெரியும்? அது எந்தச் சாமியக் கும்பிட்டுச்சு?"

தம்பி ஊட்டுக்குள் போய்விட்டான். நான் பின்னாலேயே போனேன்.

"ஏன்டா, நம்மப்பன் கட்டின தொட்டிடா அது."

"அக்கா, நீங்க சும்மா இருங்க. தண்ணி யாரால வந்துச்சு? அவரு சொன்னது நடந்துச்சா இல்லையா? அப்ப இதும் நடக்குமில்ல? மறுபடியும் அந்தப் புகையப் பாக்க என்னால முடியாதுங்க்கா."

அவன் கண்ணில் இருந்தது பக்தி இல்லை. பயம். போர்க்குழியில் வெறும் புகை வந்ததைப் பார்த்த எந்தக் குடியானவனுக்கும் அந்தப் பயம் வரும். அதனால் அவனை நான் அப்புறம் வையவில்லை.

அடுத்த ஜெபக்கூட்டத்துக்கு நான் தயாராகப் போனேன். வேதப்புத்தகத்தில் காகிதத்துண்டு வைத்துக்கொண்டு போனேன். பிரதர் காப்பி குடிக்கும்போது கேட்டேன்.

"பிரதர், பஞ்ச காலத்துல எலியாவைக் கர்த்தர் யாருகிட்ட அனுப்புனாருங்க? வேற சாதி சனத்து விதவைகிட்டத்தானுங்க. அவகிட்ட முதல்ல குடிக்கத் தண்ணிதானுங்க கேட்டாரு. கிணத்தோரம் ஏசப்பாவே சமாரியக்காரிகிட்டத் தண்ணி கேட்டாரு. அவங்க தண்ணி இவங்களுக்கு ஆகும், இவங்க தண்ணி அவங்களுக்கு ஆகாதுங்களா?"

அவர் கோபப்படவே இல்லை. "நல்ல கேள்விம்மா" என்றார். அந்த விதவை விசுவாசித்தாள், சமாரியக்காரி விசுவாசித்தாள், பக்கத்துத் தோட்டத்தம்மா விசுவாசித்தார்களா என்று கேட்டார். ஒளிக்கும் இருளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வசனம் சொன்னார். நான் அதை எடுப்பதற்குள் இன்னொன்று. அதைத் தேடுவதற்குள் வேறொன்று. கடைசியில் நான் விரலை எங்கே வைத்திருந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

"விடுங்க அண்ணி," என்றாள் கிரேசி. "அவரோட போய் நீங்க பேசறதா?"

அன்றைக்கு நான் தோற்றேன். வசனத்தில் அவரை ஜெயிக்க என்னால் ஆகாது. ஆர்.எஸ்.புரம் ஹாலில் தினமும் பேசுகிறவர், நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்.

எங்கள் சபை ஆயரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுசன், சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பார். "கொஞ்சம் பொறுங்கம்மா, விசாரிக்கலாம்" என்றார். கேக் துண்டு ஒன்று கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மயிலை நின்ற இடம்

பங்குனி பிறந்தது. வெயில் கல்லைப் பிளந்தது. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. கருப்பாத்தா குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் தலையில் வைத்துச் சுமந்தாள். எங்கள் வண்டித்தடம் வழியாகத்தான் போவாள். தலையைத் திருப்ப மாட்டாள். என்னிடம் மட்டும் பேசுவாள், அதுவும் வேலிக்கு வெளியே.

"வித்தர்றேன் ஞானம்," என்றாள் ஒரு நாள். "எல்லாத்தையும். மயிலையையும்."

"சினை மாட்டையா?"

"எனக்கு வேற தலை இருக்குதா, தண்ணி சுமக்க?"

அடுத்த சந்தை நாள். விடிந்து வெயில் ஏறுகிற நேரம். மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். டெம்போ ரோட்டில் நின்றது. தம்பி தென்னைக்குச் சொட்டுக்குழாய் சரிபண்ணிக்கொண்டிருந்தான், நான் அவனுக்குக் கூழ் கொண்டுபோயிருந்தேன்.

மற்ற மாடுகள் போய்விட்டன. மயிலை மட்டும் தொட்டியோரம் நின்றது. குனிந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அது நாக்கை நீட்டி, காய்ந்த சிமிட்டியை நக்க ஆரம்பித்தது. சொரசொரவென்று சத்தம் கேட்டது. கருப்பாத்தா கயிற்றை இழுத்தாள், அது வரவில்லை. இழுப்பதை விட்டுவிட்டு அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பி கையில் குழாயோடு அப்படியே நின்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் நடந்துபோய் வால்வைத் திறந்தேன். இத்தனை நாள் மூடிக் கிடந்ததில் இறுகியிருந்தது. முந்தானையைச் சுற்றித்தான் திருக முடிந்தது.

"அக்கா," என்றான் தம்பி. "அவரு சொன்னது நடந்துபோச்சுன்னா?"

"நடந்தா நடக்கட்டும்டா."

அவன் வந்து மூடவில்லை. மாடு குடித்தது. மற்ற மாடுகளும் சத்தம் கேட்டு ரோட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டன. டெம்போக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்தான். கருப்பாத்தா அவனைப் பார்த்துக் கத்தினாள்.

"போய்யா போ! அதுக குடிச்சுப்போட்டு வரமாட்டேங்குதுக. நான் என்ன, தூக்கியா போட முடியும்?"

சொன்னபடியே

அவர் சொன்னது நடந்தது.

சித்திரை பாதியில் ஒரு காலையில் மோட்டார் போட்டபோது தண்ணீர் இழுத்து இழுத்து வந்தது. கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று. வயிறு புரட்டுகிறவன் போலக் குழாய் குமட்டியது. கிரேசி சமையல் அறையில் உட்கார்ந்து அழுதாள். "எல்லாம் நீங்க தொறந்ததுதான் அண்ணி" என்றாள். எனக்குள்ளும் ஒரு சில்லிப்பு ஓடியது. நான் கல் இல்லை.

மோட்டார் பார்க்கிற பையன் வந்து குழாயை ஏற்றி இறக்கிப் பார்த்தான். "இங்க மட்டுமில்லீங்க, இந்தப் பக்கம் எல்லா போர்லயும் தண்ணி எறங்கிப்போச்சுங்க" என்றான். கேட்டுக்கொண்டோம். ஆனால் பயந்திருக்கிற ஊட்டில் அந்தப் பேச்சு நிற்காது. எல்லா ஊட்டிலும் வற்றினாலும், நம் ஊட்டில் வற்றியதற்கு மட்டும் ஒரு காரணம் தேடுவோம்.

அன்றைக்குத்தான் மோசேயின் புத்தகத்தில் இருந்தது எனக்கு விளங்கியது. நடக்காத வார்த்தையைச் சொன்ன சைக்கிள் பிரசங்கியாரிடமிருந்து தப்பிக்க வேதம் தேவையே இல்லை, பாக்கியத்தின் கோழிக்கே தெரிந்துவிட்டது. நடக்கிற வார்த்தையைச் சொல்கிறவனுக்காகத்தான் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். எப்போது இறங்கும் என்பதும் தெரிந்திருக்கலாம். ஆண்டவனுக்கு என்ன பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் நான் தம்பியிடம் சொல்லவில்லை. அவன் அன்றைக்கு பாதிச் சோற்றிலேயே தட்டில் கையைக் கழுவினான்.

மறுநாள் காலையில் எழுந்து வெளியே வந்து பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி தென்னைக்குப் போகிற வால்வை மூடிவிட்டு, வருகிற கொஞ்சம் தண்ணீரையும் தொட்டிப் பக்கம் திருப்பியிருந்தான். தொட்டிக்குள் இறங்கி, அடியில் இருந்த மண்ணைக் கையால் வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தான்.

செல்போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டி விளிம்பில் வைத்தான். பிரதர்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கேள்விப்பட்டேன் பிரதர் அருள்தாஸ். கர்த்தர் சொன்னது நடந்துச்சா இல்லையா?"

"நடந்துச்சுங்க."

"இப்பவாவது அதை மூடுங்க. உபவாசம் இருந்து ஜெபிப்போம். ஊற்று திரும்பும்."

தம்பி மண்ணை வாரிக்கொண்டே பேசினான். "பிரதர், நீங்க சொன்னது ரெண்டு தடவையும் நடந்துச்சுங்க. அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா வாயில்லாத சீவன் வறட்டுத் தொட்டிய நக்கறத நான் நின்னு பாத்தனுங்க. அதைச் சாமி சொல்லிச் செஞ்சேன்னு, நாளைக்குச் சாமிகிட்டயே போய் என்னால சொல்ல முடியாதுங்க."

அந்தப்பக்கம் பிரதர் ஒரு வசனத்தை ஆரம்பித்தார்.

"வெச்சர்றனுங்க பிரதர். தொட்டி இன்னும் நெறையில."

அணைத்துவிட்டு மேலே ஏறி வந்தான். கிரேசி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அப்ப தென்னைக்கு?" என்றாள்.

"ஊறுனா சாயந்தரம் தண்ணி உடலாம். ஊறாட்டி இல்ல."

வண்டித்தடத்தில் மயிலையின் மணிச்சத்தம் கேட்டது. கிரேசி இறங்கி வந்து, தொட்டியில் மிதந்த வேப்பஞ் சருகுகளைக் கையால் ஒதுக்கி ஒதுக்கி வெளியே எடுத்துப் போட்டாள்.